பார்சல் போட்டாச்சுங்க

காதுகுத்துச் சீரில் எடுத்த படம்.
மடியில் தங்கச்சி மகள் இருந்தாள்.
அவளை வெட்டி எறிந்துவிட்டு
என்னை மட்டும் வைத்திருக்கிறார்கள்.
வெட்டு சரியாக விழவில்லை.
சட்டைப் பையோரம்
மொட்டைத்தலைச் சந்தனம் கொஞ்சம்,
அழுகையில் துணியைப் பிடித்திறுக்கிய
ஐந்து விரல்.
மேலே சிவப்பில்:
'திருப்பூர் திருடன். உஷார்.'

போட்டவர் ஜெபராணி, மார்த்தாண்டம்.
வாத்து அச்சிட்ட குழந்தை பனியன்
நூற்றறுபது உருப்படி.
முன்பணம் பதினெட்டாயிரத்து நானூறு
ஒரே நிமிடத்தில் வந்து சேர்ந்தது.
இருபத்தேழு நாளாகியும்
சரக்கு போய்ச் சேரவில்லை.
அவர் கணக்கில் பிழையில்லை.

சாயப்பட்டறைக்குச் சீல் வைத்தபோது
என் துணி உள்ளே இருந்தது,
பாதி மஞ்சள் ஏறி.

பொழுது சாய்வதற்குள்
'நானும் இவனிடம் ஏமாந்தேன்' என்று
பதினோரு பேர் வந்துவிட்டார்கள்.
அவர்களில் ஒருவருக்கும்
ஒரு பொத்தான்கூட நான் விற்றதில்லை.
ராத்திரி ஒரு மணிக்கு
வேலூரிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார்,
வாஷிங் மெஷினுக்கு அனுப்பிய பணத்தைக் கேட்டு.
அந்த ஆள் நானில்லைங்க என்றேன்.
சற்று நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
'அவனும் இப்படித்தான் தம்பி
மரியாதையாப் பேசினான்.'

காலையில் நூல்கடை.
'ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க மாப்ள,
இந்தத் தடவை மட்டும்
கையோட பணத்தைக் குடுத்துருங்.'
பதினாலு வருசத்துக் கடன் நோட்டு
அவர் முழங்கைக்கு அடியில் இருந்தது.
முழங்கையை எடுக்கவில்லை.

பல்லடத்தில் வக்கீல் கோகிலவாணி
நோட்டீசை வாசித்துக் காட்டினார்:
என் கட்சிக்காரர் நேர்மையும் நாணயமும் மிக்கவர்,
ஊரார் நன்மதிப்பைப் பெற்றவர்,
சொல்லொணா மன உளைச்சல்,
நட்டஈடு பத்து லட்சம்.
யாரோ செத்துப்போனவரைப் பற்றிக்
கேட்பதுபோல இருந்தது.
'விட்டுப்போனது ஏதாச்சும் இருக்குங்களா?'

இருந்தது.
பத்தொன்பதாம் நாள் அந்தம்மா கேட்டபோது
பேக்கரியில் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தேன்.
'பார்சல் போட்டாச்சுங்க, நாளைக்கு வந்துரும்'
என்று ஒரு கையால் அடித்தேன்.
கும்பிடும் கை ஒன்றும் சேர்த்தேன்.
வேறு யாருக்கோ போன பார்சலின் ரசீதை,
எண்ணின் மேல் கட்டைவிரலை வைத்துப்
படம் பிடித்தும் அனுப்பினேன்.

வக்கீல் பேனாவை மூடினார்.
'அதை நானும் கேக்கல,
நீங்களும் சொல்லலீங்.'

திரும்பும் வழியெல்லாம்
முன்னால் ஒரு கறிக்கோழி லாரி.
ஹெல்மெட் கண்ணாடியில் இறகு ஒட்டி ஒட்டிப் பறந்தது.
அவர்கள் சொல்லும் திருடனை எனக்குத் தெரியாது.
நோட்டீசில் இருக்கும் உத்தமரையும்
இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.
பன் தின்றவனைத் தெரியும்.
அவன் பேரில் ஒரு வரியும் இல்லை.

சீல் உடைத்த அன்றே வெட்டி,
இரண்டு ராத்திரி தைத்து
நூற்று ஐம்பத்துநான்கு தேறியது.
ஆறில் வாத்துக்குக் கண் கலங்கியிருந்தது;
அதற்கான பணத்தைத் திருப்பினேன்.
இந்த ரசீதைத் தரையில் விரித்து,
விரல் படாமல் படம் எடுத்தேன்.
'முன்னாடி அனுப்பினது பொய்ங்க'
என்று கீழே எழுத
பனியன் தைத்ததைவிட நேரமானது.

நாலாம் நாள் பதில் வந்தது:
'சரக்கு கிடைத்தது. வாத்து நன்றாக இருக்கிறது.'
அன்றைக்கே படத்தையும் எடுத்துவிட்டார்.
பொய்யைப் பற்றி அவரும் கேட்கவில்லை.

நோட்டீஸ் வண்டிப் பெட்டிக்குள்
கையெழுத்தில்லாமல் கிடக்கிறது,
ரெயின்கோட்டுக்கு அடியில்.

நேற்று தங்கச்சி
எங்கிருந்தோ வந்ததை எனக்கு அனுப்பியிருந்தாள்.
அதே சிவப்பெழுத்து,
இப்போது இன்னும் மங்கலாக.
திருடனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
ஓரத்தில் வட்டம் போட்டு
'அண்ணா, இது பாப்பா கைதானே?'
என்றிருந்தாள்.